குழந்தைவேலுக்கு வாசித்துக் காட்டிய நாவல்

கொடைக்கானலில் நாவல் எழுத ஏற்ற நேரம் மத்தியானம் மூன்று மணிதான், ஐயா. ஏரிப்பக்கமிருந்து மூட்டம் கடைத்தெருவுக்கு ஏறி வந்துவிடும். எதிர்க்கடையின் பலகைகூடத் தெரியாது. வாங்க வருகிறவனும் வரமாட்டான், விற்க வருகிறவனும் வரமாட்டான். நான் என் பூண்டு மண்டியில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்கு வைக்கும்வரை எழுதுவேன். உங்கள் ஏட்டு வேகமாகத்தான் எழுதுகிறார், ஆனால் அடித்து அடித்து எழுதுகிறார். ஒரு வாக்கியம் மனசில் முழுசாக வந்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். பரவாயில்லை, நான் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் இப்ராம்சா. மண்டி என் அத்தா காலத்தில் தொடங்கியது. கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்லமாட்டார்கள். எடையில் கை வைத்ததில்லை. நோன்பை விட்டதில்லை. இப்படிப்பட்டவன் நாவல் எழுதினான் என்பதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். "பூண்டு விக்கிறவுகளுக்கு எதுக்குங்க இந்தச் சோலி?" என்று என் மனைவி ரபியா கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. சின்ன வயதில் உயிருக்கு உயிராய் இருந்த இரண்டு பேர் பிரிந்துபோய், பல வருஷம் கழித்து ஒன்று சேருகிற கதை. 'பள்ளங்கிப் பாதை' என்று பெயர் வைத்தேன். போன மாதம்தான் அச்சாகி வந்தது. உங்கள் மேசை மேல் இருப்பது அதுதான். அட்டையில் மலையைக் கோணலாகப் போட்டுவிட்டார்கள். முதல் புத்தகம் என்றால் அட்டை விஷயத்தில் நம் பேச்சை யார் கேட்கிறார்கள்.

கதையில் வருகிற நண்பன் யார் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. குழந்தைவேல்தான். பள்ளங்கியில் பூண்டு போடுகிற குடும்பம். அவனுடைய அப்பா பொதிக்குதிரையில் சரக்கேற்றி எங்கள் மண்டிக்கு வரும்போது இவனும் பின்னாலேயே நடந்து வருவான். சந்தை முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரையில் கிடப்போம். பெருநாளைக்கு எங்கள் வீட்டில் அவனுக்குத் தனியாக இலை போடுவார்கள். அவர்கள் ஊர்க் கோயில் நோன்பிக்கு நான் போய் இரண்டு நாள் தங்குவேன். ஒருவனைத் தேடினால் இன்னொருவன் வீட்டில் போய்க் கேட்பார்கள், அவ்வளவு பழக்கம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரிந்தவன் அவன். நான் இல்லை. ஐம்பத்தாறாம் வருஷம் திடீரென்று மண்டிக்கு வருவதை நிறுத்தினான். சரக்கை வேறொருத்தரிடம் போட்டான். சந்தையில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஆறு வருஷம், ஐயா. இப்ராம்சாவுக்கும் அவனுக்கும் என்ன தகராறு என்று கடைத்தெருவே கேட்டது. நான் ஒருவரிடமும் அவனைக் குறை சொல்லவில்லை. அந்த வருத்தத்தை எல்லாம் நாவலில்தான் கொட்டினேன்.

எழுதி முடித்து மதுரையில் சேனாதிபதி என்ற பதிப்பாளருக்குக் கொண்டுபோனேன். நல்ல மனிதர், ஆனால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார். "எல்லாம் நல்லாத்தான் வந்திருக்குங்க. கடைசி அத்தியாயம் மட்டும் உப்புச்சப்பில்லாம கெடக்கு. ரெண்டு பேரும் ஓடி வந்து கட்டிக்கிறாங்க, அழுறாங்க. யாருங்க அப்படிச் சேர்றா? நீங்க இதைப் பாத்து எழுதலை, நெனச்சு எழுதியிருக்கீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். மலை ஏறத் தொடங்கியதும் அவர் சொன்னது சரி என்று தோன்றியது. பார்க்காததை எப்படி எழுத முடியும்? அதனால் நான் பள்ளங்கிக்குப் போனேன். அறுபத்திரண்டு ஆவணி.

அவன் வீட்டு வாசலில் பூண்டைத் தாளோடு முடி போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கையை வேட்டியில் துடைத்தான். ஓடியும் வரவில்லை, ஒதுங்கியும் போகவில்லை. "ஏலே, இத்தனை வருசங் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? மழை வருது, உள்ள வா" என்றான். அந்த வாக்கியத்தை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது, பாருங்கள். எல்லாரும் மெச்சுகிற இடம் அது.

அவன் மனைவி காளியாயி கடுங்காப்பி கொண்டுவந்தாள். "நல்லாருக்கீகளாண்ணே? ரபியா அக்கா சௌக்கியமா?" என்று கேட்டாள். அவள் முழுகாமல் இருந்தாள். உட்காரும்போது கையை ஊன்றித்தான் உட்கார்ந்தாள். அவள் மாட்டைப் பார்க்க வெளியே போகும்வரை குழந்தைவேல் பூண்டு விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். போன பிறகு நான் கேட்டேன், ஏன் என்னோடு பேச்சை விட்டாய் என்று.

"ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல மாப்ளே. ஒம் மூஞ்சியப் பாத்தா நான் பண்ணுன சத்தியம் நெனப்புக்கு வருது. மொதப் புள்ளையக் குடுத்துட்டேன். இன்னொண்ணு வரப்போகுது. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல."

இந்த சத்தியம் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழைக்காலம். பட்டாளத்தார் விற்ற ஜீப் ஒன்றை அத்தா வாங்கியிருந்தார். பள்ளங்கியில் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தேன். குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வளைவில் மூட்டம் அடைத்துக் கிடந்தது. விறகுச் சுமையோடு ஒரு பொம்பிளை வந்ததை நான் பார்க்கவில்லை. வண்டி தட்டியதில் அவள் சரிவில் உருண்டாள். அவள் பெயர் ராக்காயி. குழந்தைவேலுக்குச் சொந்த அத்தை. அவளுடைய மகள்தான் காளியாயி. அப்போது இரண்டு பேருக்கும் பரிசம் போட்டிருந்தார்கள்.

மறுநாள் ஊரார் சரிவில் பிணத்தைக் கண்டார்கள். பாதையில் டயர்த் தடம் இருந்தது. கோயில் முன்னால் ஊர் கூடியது. என்னிடம் சத்தியம் வாங்கினால் அவர்கள் சாமிக்கு ஏறாது என்றார்கள். அதனால் குழந்தைவேலைக் கூப்பிட்டார்கள். அவன் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "அத்தை விழுந்ததுக்கும் ஜீப்புக்கும் சம்பந்தமில்ல, நாங்க வரயில பாதையில யாருமே இல்ல" என்று சத்தியம் பண்ணினான். நான் கேட்கவில்லை, அவனாகவே செய்தான். அந்த மலையில் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் விசாரணை கிடையாது. ஊர் கலைந்துவிட்டது. அவன் காளியாயியைக் கட்டினான், பிள்ளை பிறந்தது, நடக்கிற வயசில் ஜுரம் கண்டு செத்தது. பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று முடிவு பண்ணிக்கொண்டான். என்னோடு பேச்சை விட்டது அதற்குப் பிறகுதான். படிக்காதவன். அவனை என்ன சொல்ல?

நான் நாவல் எழுதியதைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ரெண்டு பேத்தப் பத்தியா? எனக்குப் படிச்சுக் காட்டுவியா?" என்று கேட்டான். அதிலிருந்து ஞாயிறு சந்தைக்கு வரும்போதெல்லாம் மத்தியானத்துக்கு மேல் மண்டிக்கு வருவான். பின்பக்கம் கிடங்கில், பரணில் பூண்டு புகையேறிக்கொண்டிருக்கும். மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு கன்னத்தில் கை வைத்துக் கேட்பான். ஏரிக்கரையில் நாங்கள் செருப்பைத் தொலைத்த அத்தியாயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தான். அவனைப்போல ஒரு வாசகன் எனக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. அதை மறைக்க வேண்டியதில்லை.

கதைக்காக நான் சின்ன மாற்றம் ஒன்று செய்திருந்தேன். நாவலில் ஜீப்பை ஓட்டியவன் அவன். பக்கத்தில் இருந்தவன் நான். அவனைக் காப்பாற்றப் பொய் சொல்லி, அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, கடைசியில் அவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறவனும் நான். கதாநாயகன் என்று ஒருவன் வேண்டுமல்லவா? அந்த இடத்தை வாசித்தபோது அவன் என்ன சொல்வானோ என்று பார்த்தேன். கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்தான். அப்புறம் சிரித்தான்.

"நானாலே ஜீப்பு ஓட்டுனேன்? எனக்கு ஏர்மாடே ஒழுங்கா ஓட்டத் தெரியாது. சரி போ, கதையிலயாச்சும் ஓட்டிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னான். நான் பக்கத்தைத் திருப்பினேன். "விழுந்ததும் அவள் உயிர் பிரிந்தது" என்று ஒரு வாக்கியம் வரும். அதை வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னான்.

"இல்லையே. அத்தை தண்ணி கேட்டுச்சே. நான்தான ஊத்துக்கு ஓடுனேன். கால்தான ஒடிஞ்சுருந்துச்சு. தலையில அடி இல்ல, பேசிக்கிட்டுத்தான இருந்துச்சு. நான் துண்ட நனைச்சுக் கொண்டாரதுக்குள்ள எப்படிலே செத்துச்சு?"

கேட்கும்போது அவன் குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. ஒன்பது வருஷமாக மனசில் கிடந்த ஒன்றை எடுத்து வெளியே வைத்தான், அவ்வளவுதான். உள்ளே அடிபட்டிருக்கும், வெளியே தெரியாது என்றேன். தலையாட்டினான். மேற்கொண்டு வாசித்ததைக் கேட்டான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதையே கேட்டான்.

நீங்களும் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அவள் கத்தினாள். மூட்டத்தில் சத்தம் வெகுதூரம் போகும். மேலே தோட்டத்தில் ஆள் இருந்தது. எனக்கு அப்போது நிக்காஹ் பேசியிருந்தார்கள், ஜீப் வாங்கிய புதுசு, அத்தா இருதய நோயாளி. நான் சால்வையை மடித்து அவள் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போடாமல் இருக்கட்டும் என்றுதான் பிடித்தேன். அவள் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள், அவளுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவள் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். குழந்தைவேல் நனைந்த துண்டோடு ஏறி வந்தபோது, போய்விட்டாள் என்று சொன்னேன். அவன் துண்டைப் பிழிந்து அவள் வாயில் தண்ணீர் விட்டான். இது எதுவும் நாவலில் கிடையாது. வாசகருக்கு இது தேவையில்லை.

கடைசி அத்தியாயத்தை இரண்டாம் முறை எழுதி அவனுக்கு வாசித்தேன். இருவரும் பள்ளங்கி வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சேருகிற இடம். அவன் அழுதுவிட்டான். தோள் குலுங்க அழுதான். நான் எழுதியதற்கு ஒருவன் அழுவதை அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

"இதக் கேட்டப்பெறகுதாம்லே எனக்கு மனசு தெளிஞ்சுச்சு. கதையில சேந்த மாதிரி நாமளும் நெசமாச் சேந்துருவோம். ஆனா சத்தியத்த முறிக்கணும். எந்தக் கோயில்ல பண்ணுனேனோ அங்கயே, ஊரு முன்னால நடந்தத நடந்தபடி சொல்லி, தண்ணி தெளிச்சு முறிச்சுரணும். காளியாயிக்கும் தெரியட்டும். இல்லாட்டி இந்தப் புள்ளையும் தங்காது."

"ஊரு முன்னால எதச் சொல்லுவே?" என்று கேட்டேன்.

"எல்லாத்தயும்தான். அத்தை தண்ணி கேட்டத, நான் ஊத்துக்குப் போனத, வந்து பாத்தா உசிரு இல்லாதத. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. தெரியாம நடந்ததுதான? பெரிய மனுசங்க புரிஞ்சுக்குவாங்க."

நான் எத்தனையோ எடுத்துச் சொன்னேன். காளியாயியைப் பிரசவத்துக்கு இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன், நல்ல டாக்டரம்மா இருக்கிறார் என்றேன். "ஆஸ்பத்திரி சாமிக்குப் பதில் சொல்லுமாலே?" என்றான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஊர் கூடுகிறது, நீயும் வா, வரமுடியாவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். அதுதான் என்னை வருத்தியது. ஒரு முழு நாவலைக் கேட்ட பிறகும் அவனுக்கு என் நிலைமை உறைக்கவில்லை.

ஜெயிலுக்குப் பயந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முன்பகுதி எல்லாம் அச்சுக் கோத்தாகிவிட்டது, கடைசி அத்தியாயத்தை அனுப்பச் சொல்லி சேனாதிபதி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஜீப் ஓட்டியவன் யார், மன்னிக்க வேண்டியவன் யார் என்று பள்ளங்கியில் ஒரு பேச்சுக் கிளம்பினால், அப்புறம் அந்த நாவலை யார் கையால் தொடுவார்கள்? சிரிப்பார்கள். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு மழை விடவே இல்லை. சந்தை வெள்ளனே கலைந்துவிட்டது. குழந்தைவேல் தொப்பலாக நனைந்து வந்தான். கை காலெல்லாம் நடுங்கியது, உடம்பு கொதித்தது. "வெரசாப் போகணும் மாப்ளே, காளியாயி ஒத்தையில இருக்கு" என்றான். மழை கொஞ்சம் வெறிக்கட்டும், படுத்து எழுந்து போ என்றேன். என் வேட்டியைக் கொடுத்தேன். கிடங்கில் சாக்கு விரித்துக் கம்பளி போட்டுப் படுக்கவைத்தேன். நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். ரபியாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைகளை அதில் பொடித்துப் போட்டிருந்தேன். கசக்குது என்றான். சுக்கு போட்டிருக்கிறேன் என்றேன். குடித்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே நான் கொடுத்ததை அவன் மறுத்ததில்லை.

பிறகு கரிச்சட்டியில் கங்கு அள்ளிக் கொண்டுவந்து அவன் கால்மாட்டில் வைத்தேன். பரணுக்குப் புகை போகிற திட்டிவாசலை மூடினேன். சன்னலில் சாக்கை அழுத்தி அடைத்தேன். அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான். கண்ணைத் திறக்காமலே, "ஏலே, கரி கெடக்கு, சன்னலத் தெறந்து வையி" என்றான்.

"தெறந்துதான் இருக்கு. நீ தூங்கு" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை மூன்றாம் முறை எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. இடையில் ஒரு தடவை எழுந்து கதவில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் எதுவும் இல்லை. திரும்ப வந்து எழுதினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்து, கிடங்கைத் திறந்து, சாக்கை எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன். உண்மையாகவே அழுதேன். பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்கள்.

வருஷா வருஷம் சீசனுக்குக் கீழ்நாட்டிலிருந்து வருகிற யாராவது குளிருக்குப் பயந்து, கரிச்சட்டியை வைத்துக் கதவை அடைத்துத் தூங்கிச் செத்துப்போகிறார்கள். இதையும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன், அப்போதிருந்த இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் எழுதினார். என் பிசகு அங்கேதான். பிணத்தைப் பார்க்க வந்த காளியாயி அழவில்லை. கிடங்கைச் சுற்றிப் பார்த்தாள். கரிச்சட்டியைப் பார்த்தாள். பரணில் மூடியிருந்த திட்டிவாசலைப் பார்த்தாள். சாக்கை எடுத்த நான் அதைத் திறக்க மறந்துவிட்டேன்.

"அண்ணே, எங்க ஊர்ல நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும், கரி கெடக்கையில அடைக்கக் கூடாதுன்னு. பொறந்ததுலருந்து பூண்டுப் புகையில கெடந்த மனுசன். அவரு அடைக்கல. யாரு அடைச்சா?" என்று கேட்டாள்.

எல்லாரும் அவளைச் சமாதானப்படுத்தினார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள். ஆனால் அவள் விடவில்லை. பிரசவமான பச்சை உடம்போடு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் புதிதாக வந்தவர், காது கொடுத்துக் கேட்டீர்கள். ஆண் பிள்ளையாம். நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறதாம். பாருங்கள், சத்தியம் முறிக்காமலே பிள்ளை தங்கிவிட்டது. கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் குழந்தைவேலே அதைக் கண்ணால் பார்த்திருக்கலாம்.

ராக்காயியை நான்தான் கொன்றேன். குழந்தைவேலையும் நான்தான் கொன்றேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அந்தப் புத்தகத்தை மட்டும் சாட்சிப் பொருள் என்று கட்டிப் போட்டுவிடாமல், ஒரு தடவை முழுசாக வாசியுங்கள், ஐயா. நாலு பேர் மெச்சிய நாவல் அது.

ஏட்டையா, முடிக்கிறதுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் காரணம் சொல்லாமல் என் முகத்தைப் பார்க்காமல் போனதையும், என் கதையைக் கேட்டுவிட்டு என்னிடமே அப்படி ஒரு கேள்வி கேட்டதையும் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. குழந்தைவேலை நான் மன்னித்துவிட்டேன்.